வெறும் கவர்

எங்கள் கம்பெனி (பெயர் வேண்டாம், கிராஜுவிட்டி இன்னும் கைக்கு வரலை!) சம்பளக் கணக்கை ஆரக்கிளிலிருந்து வேறெதற்காவது மாற்றலாமா என்று 2018-ல் ஒரு கமிட்டி போட்டது.

டேட்டாபேஸ் என்றால் பயப்படாதீங்க. கட்டம் கட்டமாக விவரம் அடுக்குகிற கிடங்கு, அவ்வளவுதான். இப்படி அட்டவணையாக அடுக்கலாம் என்று 1970-ல் எழுதினவர் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட். அதை 1979-ல் கடைக்குக் கொண்டுவந்த ஆரக்கிள், முதல் சரக்குக்கே 'வெர்ஷன் 2' என்று பெயர் வைத்தது. முதல் வெர்ஷனை எவன் வாங்குவான்!

கமிட்டியில் மூணு கட்சி. மேனேஜருக்கு மைக்ரோஸாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர். பழைய ஆசாமி ஒருத்தருக்கு ஆரக்கிளே போதும். எனக்கு போஸ்ட்கிரெஸ். லைசென்ஸ் காசு கிடையாதே! ஆரக்கிளில் லைசென்ஸ் போக, வருஷா வருஷம் சப்போர்ட்டுக்கு அதில் 22 சதவீதம் தனி. வேகம், பேக்கப், பாதுகாப்பு என்று மூணு கூட்டம், ஏகப்பட்ட சமோசா. நான் ஜெயித்தேன்.

யாரும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. ஒரு கட்டத்தில் எதுவும் எழுதாமல் அனுப்பினால், ஆரக்கிள் அதை 'தகவலே வரவில்லை' என்று எடுத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் அப்படியில்லை, 'வந்தது, ஆனால் வெற்று' என்று பத்திரமாக வைத்துக்கொள்ளும். தபாலே வராததும், வெறும் கவர் வந்ததும் ஒன்றா? அதன் நியாயம் அது!

இன்ஷூரன்ஸுக்கு நாமினி பெயர் தராதவர்கள் யார் யார் என்று மாசாமாசம் ஒரு பட்டியல் எடுப்போம். மாற்றியபின் அது குறைந்துகொண்டே வந்து காலியாச்சு. "எல்லாரும் குடுத்துட்டாங்க சார்!" என்றாள் பர்ஸனல் டிபார்ட்மென்ட் பெண். நானும் மார்தட்டிக்கொண்டேன். பழைய ஆட்களின் விவரத்தைத்தான் நான் சோதித்திருந்தேன். புதுசாக ஒருத்தரைச் சேர்த்துப் பார்க்கத் தோணவேயில்லை.

ஸ்டோர்ஸில் புதுசாகச் சேர்ந்த பையன். கல்யாணமாகி ஆறு மாசம். பைக் விபத்தில் போய்விட்டான். நாமினி கட்டம் காலி. அந்தப் பெண் வாரிசு சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றாள். பணம் யாருக்கு என்று மாமியாருக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோச்சு.

திருத்தம் ஒரே வரிதான். பத்து நிமிஷ வேலை. அதைச் சேர்த்து ஓட்டினதும் பட்டியலில் பதினோரு பேர் வந்தார்கள். மேலேயிருந்து மூணாவது, அவன்.