கைகாட்டி விழும் வரை

கராஜின் பெரிய கதவு பாதி உயர்ந்திருந்தது. அதன் கீழே குனிந்து நுழைந்த நவம்பர் வெயில், சிமென்ட் தரையில் ஓர் ஆள் நீளத்துக்கு மேல் உள்ளே வரவில்லை. வெயில் முடிகிற இடத்தில் ஒரு மர மேசை. மேசைமேல் பழைய துவாலை. துவாலைமேல் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக, பிரித்துப் போட்ட ஒரு கைத்துப்பாக்கி.

மகள் வீடு பிட்ஸ்பர்க் நகரத்துக்கு வெளியே. சனிக்கிழமை, பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். சளி பிடித்திருந்ததால் நான் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைப் பார்த்துக் கையசைத்து, ஒரு மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டார். எங்களுக்குள் பேச்சு குறைவு. ஏப்ரலில் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குச் சொற்கள் நின்று நின்றுதான் வரும். பேசாமல் உட்கார்ந்திருப்பது எங்கள் இருவருக்கும் பழகிப்போயிருந்தது. ஆகஸ்டில் நான் வந்தபோது, வாசல் திண்ணையில் உட்கார்ந்து இடக்கையில் ஒரு ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருப்பார். காலையில் பார்த்தாலும் பந்து, மாலையில் பார்த்தாலும் பந்து.

இன்று பந்து ஜன்னல் விளிம்பில் இருந்தது.

நான் வருவதற்கு முன்பே துடைக்கும் வேலை பாதி முடிந்திருந்தது. காற்றில் ஹாப்பீஸ் நம்பர் 9 மணம். 1903இல் பிலடெல்பியாக்காரர் ஒருவர் துப்பாக்கிக் குழல் கழுவுவதற்காகக் கூட்டிய திரவம் அது. பழுத்த வாழைப்பழத்தையும் மண்ணெண்ணெயையும் ஒரே அறையில் வைத்ததுபோல் இருக்கும். பித்தளைத் தூரிகை போய் வந்த குழலுக்குள் வெள்ளைத் துணித்துண்டை விட்டு இழுத்தார் பெரியவர். முதல் துண்டு கறுப்பாக வந்தது. அடுத்தது சாம்பல். அதற்கடுத்தது, போனது போலவே வெள்ளையாக. குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். தலையசைத்துக்கொண்டு துவாலையில் வைத்தார்.

அருகே பேரன். பதினேழு வயது இருக்கும். கையில் கைபேசி. அதில் ஒரு வீடியோ தொடங்கத் தயாராக நின்றது.

"தாத்தா, இதைப் பார்த்துச் செய்யலாமா?"

பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார். வேண்டாம்.

துவாலையில் கிடந்த மேல்பகுதியின் பக்கவாட்டு எழுத்தை நான் நாற்காலியிலிருந்தே படித்தேன். யு.எஸ். அண்ட் எஸ். கோ., ஸ்விஸ்வேல், பி.ஏ. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல். 1881இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் தொடங்கிய ரயில்வே சிக்னல் கம்பெனி. போத்தனூர் சிக்னல் பணிமனையில் ஃபிட்டராக முப்பத்தோரு வருஷம் இருந்தவனுக்கு அந்தப் பெயர் தெரியாமல் போகாது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்குக் கைத்துப்பாக்கி போதாமல், தட்டச்சு இயந்திரம் செய்தவர்கள், தையல் இயந்திரம் செய்தவர்கள், சிக்னல் செய்தவர்கள் என்று எல்லோரிடமும் வேலையைக் கொடுத்தார்கள். 1943இல் இங்கிருந்து சில மைல் தள்ளி, சிக்னல் லீவர்களும் பூட்டுகளும் செய்துகொண்டிருந்த ஸ்விஸ்வேல் ஆலையில் ஏறத்தாழ 55,000 துப்பாக்கிகள் செய்தார்கள். அதில் ஒன்று இது. பெரியவரின் அப்பா அந்த ஆலையில் வேலை பார்த்தவர் என்று மகள் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. ஆலை இருந்த இடத்தில் இப்போது கடைகள்.

வடிவம் ஜான் பிரௌனிங் போட்டது. 1911 மார்ச்சில் நடந்த சோதனையில் ஒரே துப்பாக்கியில் 6,000 தோட்டா சுட்டார்கள். கைபொறுக்காமல் சூடானபோது வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். ஒரு தடவையும் சிக்கவில்லை. அந்த மாதமே ராணுவம் ஏற்றுக்கொண்டது. 1985 வரை அதுவே அவர்களுடைய முதன்மைக் கைத்துப்பாக்கி. சேற்றில் கிடக்கும் சிப்பாயிடம் ஸ்க்ரூடிரைவர் இருக்காது என்று பிரௌனிங் நினைத்திருக்க வேண்டும். துடைப்பதற்குப் பிரிக்க எந்தக் கருவியும் தேவையில்லை, விரல் போதும். ஆனால் விரல் வேண்டும்.

பெரியவர் கோக்கத் தொடங்கினார்.

குழலை மேல்பகுதிக்குள் இறக்கினார். முன்வாயில் புஷ் என்கிற வளையத்தைச் செருகினார். ஸ்பிரிங்கை அதன் தண்டோடு சேர்த்துக் குழலின் அடியில் படுக்கவைத்தார். சுருள் முன்வாயைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதுவரைக்கும் வலக்கை செய்தது. இடக்கை துணைக்கு இருந்தது.

அடுத்தது லிங்க். குழலின் அடியில் ஆணியில் ஆடும் சின்ன இரும்புக் கண்ணி. 8 என்ற எண்ணைப் போல் இரண்டு துளை. ஒன்று குழலோடு, மற்றொன்றுக்குள் பக்கவாட்டிலிருந்து ஒரு பின் நுழைய வேண்டும். கைப்பிடிச் சட்டத்தின் துளை, லிங்கின் துளை, மறுபுறத் துளை மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் நின்றால்தான் பின் போகும். லிங்கோ ஆடுகிற பொருள். கை நடுங்கினால் அதுவும் நடுங்கும்.

எல்லாவற்றையும் தலைகீழாகப் பிடித்து, சட்டத்தை மேல்பகுதியின் தடத்தில் மெல்ல ஓட்டினார். பக்கத்துத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார். உள்ளே முழு நிலவு தெரிய வேண்டும். தெரிந்தது பிறை. இடக்கை விரலால் ஒரு நூல் நகர்த்தினார். பிறை பெரிதானது. பின்னை எடுக்க வலக்கை போனது. அந்த நேரத்தில் இடக்கை நடுங்கியது. நிலவு மறைந்தது.

மறுபடி. மறுபடி. நான்காவது தடவை துப்பாக்கியைத் துவாலையில் வைத்துவிட்டு, இடக்கையை வலக்கையால் பிடித்து, மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை நீவினார்.

"நான் பிடித்துக்கொள்ளட்டுமா தாத்தா?"

"இல்லை."

குரலில் கோபம் இல்லை. பையன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

என் இடத்திலிருந்து பார்த்தால் லிங்க் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது நன்றாகத் தெரிந்தது. முன்பக்கம் கொஞ்சம் தாழ்த்தினால் அது தன் எடையிலேயே சரிந்து நேராகும். சொல்ல ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை எனக்கு ஆங்கிலத்திலும் தெரியும். நான் சொல்லவில்லை.

ரயில்வே சிக்னல் கேபினில் லீவர்கள் வரிசையாக நிற்கும். பாயின்ட் லீவரை இழுத்து, தண்டவாள நாக்கு சரியாக ஒட்டி, பூட்டு விழுந்தால்தான் சிக்னல் லீவர் விடும். அதற்கு முன் எந்தப் பலசாலி தொங்கினாலும் கைகாட்டி அசையாது. முரட்டுத்தனமாக இழுத்த கைதான் வலிக்கும். அந்தப் பூட்டுகளைத் தேய்த்துப் பொருத்துவதுதான் என் வேலையாக இருந்தது. எது முதலில், எது பின்னால் என்கிற வரிசை இரும்புக்கு மட்டும் உரியதல்ல என்பதை அந்தக் கராஜில் உட்கார்ந்திருந்தபோது உணர்ந்தேன். உதவிக்கும் ஒரு பூட்டு உண்டு. அது விழுவதற்கு முன் நீட்டுகிற கை, கேட்காத சிக்னல் லீவரைப் பிடித்து இழுக்கிற கை.

பெரியவர் மூச்சை விட்டார். துப்பாக்கியை எடுத்தார். இந்தத் தடவை கண்ணை வைக்கவில்லை. தலையைச் சற்றே திருப்பிக் கதவுக்கு வெளியே, இலை உதிர்ந்த ஓக் மரத்தைப் பார்த்தபடி விரலை மட்டும் வேலை செய்யவிட்டார். முன்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. லிங்க் சரிந்தது. பின்னின் நுனி துளைக்குள் போய், எதிலும் இடிக்காமல் மறுபுறம் எட்டிப் பார்த்தது.

எழுபத்தாறு வயது முகத்தில் ஒரு சுருக்கம் அவிழ்ந்தது.

பின்னின் வால் இன்னும் மேலே ஏற வேண்டும். ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன முளையை ஒதுக்கிக்கொண்டுதான் ஏறும். சற்றே வழுக்கினாலும் அதன் மூலை, சட்டத்தின் பக்கவாட்டைச் சுரண்டிக்கொண்டு வளையும். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கீறல் இருந்தது. பிறைபோல் வளைந்து, கறுத்த இரும்பில் பளிச்சென்று தெரிந்தது.

"இதற்கு முட்டாள் கீறல் என்று பெயர்" என்றான் பையன். வீடியோவில் கேட்டிருப்பான். "கோக்கத் தெரியாதவர்கள் போடுவது."

பெரியவர் கீறல்மேல் கட்டைவிரலை வைத்தார். "என் அப்பா," என்றார். சிறிது நேரம் கழித்து, "அவர்… இதைச் செய்த… ஆலையில்."

பையன் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டான்.

வால் ஏறியது, முளையில் மோதியது, வழுக்கியது. உலோகம் உலோகத்தைக் கீறுகிற சன்னமான சத்தம் எங்கள் மூவருக்கும் கேட்டது. பழைய பிறைக்குப் பக்கத்தில் தலைமுடியளவு புதியதொன்று. பெரியவர் அதைப் பார்த்தார். துணியை எடுத்துத் துடைத்தார். துடைத்தால் போகாது என்று தெரிந்தே துடைத்தார். பிறகு மறுபடி தள்ளினார். டிக்.

மிச்சம் ஒன்றே ஒன்று. முன்வாயில் நீட்டிக்கொண்டிருந்த ஸ்பிரிங்கின்மேல், ஒரு பக்கம் அடைத்த சின்னக் குப்பியைக் கவிழ்த்து, உள்ளே அழுத்தி, மேலே புஷ்ஷைத் திருப்பிப் பூட்ட வேண்டும். அழுத்துவது ஒரு கை. திருப்புவது மறு கை. இந்த வகைத் துப்பாக்கியின் ஸ்பிரிங் பொதுவாக 16 பவுண்டு. ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஒரு கட்டைவிரல் தாங்க வேண்டிய கனம் அது.

குழல்வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். இடக் கட்டைவிரலைக் குப்பியின்மேல் வைத்து அழுத்தினார். பாதி போனது. முக்கால் போனது. நகம் வெளுத்தது. வலக்கை புஷ்ஷைத் தொட்டது.

விரல் நழுவியது. குப்பி பறந்தது.

அலமாரியிலிருந்த பெயின்ட் டப்பாவில் ஒரு டங். சிமென்ட்டில் ஒரு டிங். பிறகு சத்தமே இல்லை. பையன் குனிந்து மேசைக்கடியிலும் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னாலும் தேடினான். பெரியவர் அசையவில்லை. கட்டைவிரல், குப்பி இருந்த இடத்திலேயே வெறும் ஸ்பிரிங்கைத் தொட்டபடி இருந்தது.

பணிமனையில் ஸ்பிரிங் தெறித்தால் கண்ணால் தேடுவதில்லை, காதால் தேடுவோம். டிங்குக்குப் பிறகு சத்தம் இல்லையென்றால், மெத்தென்ற எதிலோ விழுந்திருக்கிறது. கதவோரம் பையன் காலையில் வாரிக் குவித்த ஓக் சருகு. எழுந்து போய்க் குவியலின் ஓரத்தைக் கிளறினேன். இரண்டாவது பிடியில் விரலில் இரும்புச் சில்லிப்பு. துணியால் தூசி தட்டித் துவாலையில், அது முதலில் இருந்த அதே இடத்தில் வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினேன். பெரியவர் என்னைப் பார்த்துக் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

மீண்டும் அழுத்தினார். முக்கால்வரை வந்து நின்றது. அதற்குமேல் விரலில் பலம் இல்லை. இறக்கவும் இல்லை. ஸ்பிரிங் தள்ள, விரல் தாங்க, இரண்டும் சமமாக நின்றன. நெற்றியோரம் ஒரு வியர்வைத் துளி இறங்கியது. கராஜுக்குள் குளிர், அந்தத் துளி மட்டும் வேறு பருவத்திலிருந்து வந்தது.

பையன் வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றான். இரண்டு முறை கேட்டவன், மூன்றாம் முறை கேட்கவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது.

பெரியவர் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "உன் விரலை… என் விரல்மேல்."

பையன் அருகே வந்தான். தன் கட்டைவிரலைத் தாத்தாவின் வெளுத்த நகத்தின்மேல் வைத்தான்.

"அழுத்து. மெதுவாக."

இரண்டு விரல்கள் ஒன்றாக இறங்கின. மேலே மழமழப்பானது, கீழே புள்ளி விழுந்தது. குப்பி முழுதாக உள்ளே போனது. பெரியவரின் வலக்கை புஷ்ஷைப் பிடித்து, பொறுமையாக, கால் சுற்றுத் திருப்பியது. புஷ் குப்பியின் தலைமேல் வந்து உட்கார்ந்தது. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் பையனுடையது, அப்புறம் தாத்தாவுடையது. எதுவும் பறக்கவில்லை.

வெறும் துப்பாக்கியைச் சுவரை நோக்கி நீட்டி, மேல்பகுதியைக் கடைசிவரை இழுத்து விட்டார். அது போய், அதே வேகத்தில் திரும்பி வந்து நின்றது. எண்பது ஆண்டுக்கு முன் சிக்னல் ஆலையில் ஒருவர் தேய்த்துவிட்ட தடத்தில், தட்டாமல் தடங்காமல் ஓடிய இரும்பின் சத்தம். அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். பூட்டு சரியாக விழுந்த லீவர் பிரேமில் அது கேட்கும்.

துப்பாக்கி பெட்டிக்குள் போனது. பெட்டி பூட்டிக்கொண்டது. பையன் துவாலையை மடிக்கத் தொடங்கினான். பெரியவர் மேசையைப் பிடித்து எழுந்து நின்று, அவன் தோளைத் தொடுவதற்காக இடக்கையை நீட்டினார். கை பக்கவாட்டில் எழுந்து கிடைமட்டமாக வந்தது. தோளுக்கு ஒரு சாண் குறைவில் நின்றது. ஒரு கணம் அப்படியே நின்றது. அதற்குமேல் ஏற முடியாமல் மெல்லச் சரிந்து, பையனின் முழங்கையில் வந்து தங்கியது.

தண்டவாளக்காரன் கண்ணுக்கு அது கைகாட்டி விழுவதாகவே தெரிந்தது. கிடைமட்டமாக நின்றால் நில் என்று பொருள். சரிந்து விழுந்தால் வழி திறந்திருக்கிறது, போகலாம் என்று பொருள்.

நாற்காலியை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு வெளியே வந்தேன். வெயில் கதவைவிட்டு இறங்கிச் சருகுக் குவியல்மேல் கிடந்தது.