இடது கை வாசிக்கும் சோகம்

ஷோப்பனின் ஈ மைனர் பிரெலூட் (ஓபஸ் 28, எண் 4) மொத்தமே 25 பார். பியானோ கற்கத் தொடங்கிச் சில வருடங்களில் கைக்கு எட்டிவிடும் என்பதால் எல்லோரும் வாசிக்கிறார்கள். பெரும்பாலும் அழுது வடிகிறார்கள்.

காரணம், மேலே எழுதியிருக்கும் 'லார்கோ', அதாவது மிக மெதுவாக. பக்கத்திலேயே குறுக்குக் கோடு போட்ட தாளக் குறி இருக்கிறது. பாருக்கு இரண்டே தட்டு என்று அர்த்தம். அது யார் கண்ணிலும் படுவதில்லை. இடது கை பாருக்கு எட்டுத் தடவை கார்டு வாசிக்கிறது. எட்டையும் தனித்தனியாக எண்ணினால் பாட்டு நொண்டும். இரண்டாக எண்ணுங்கள், மெதுவாகவே இருக்கும், ஆனால் நகரும்.

வலது கைக்குப் பெரிய வேலை இல்லை. முதல் மூன்று பாரும் பி, அரைச் சுரம் மேலே சி, மறுபடி பி. இதை மெட்டு என்று சொல்லவே எனக்குத் தயக்கம். சோகம் முழுக்க இடது கையில். மூன்று சுரங்களில் பெரும்பாலும் ஒன்று மட்டும் அரைச் சுரம் இறங்கும், மற்றவை நின்ற இடத்திலேயே நிற்கும். பிறகு வேறொன்று இறங்கும். மாணவர்களை முதலில் இடது கையை மட்டும் வாசிக்கச் சொல்வேன். எந்த விரல் நகர்கிறதோ அதற்குத் துளி கூடுதல் அழுத்தம். கிராண்ட் பியானோ என்றால் கட்டையை முழுக்க எழவிடாமலே மறுபடி அழுத்தலாம். கார்டுகள் துண்டு துண்டாகக் கேட்காது.

இன்னொரு நுணுக்கம். பியானோவில் அழுத்திய கணத்திலிருந்தே ஒலி தேயும். முக்கால் பார் நீளும் பி, சி வரும்போது பாதி கரைந்திருக்கும். அந்த மிச்ச ஒலியின் அளவுக்குத்தான் சி-யை வாசிக்க வேண்டும். பலமாக விழுந்தால் பெருமூச்சு விக்கலாகிவிடும். 1849 அக்டோபர் 30 அன்று பாரிஸ் மட்லேன் தேவாலயத்தில் ஷோப்பனின் இறுதிச் சடங்கில் இதை ஆர்கனில் வாசித்தார்கள். ஆர்கன் ஒலி தேயாது. மரியாதை சரி, பாட்டில் பாதி போயிருக்கும் என்பது என் கட்சி.

16, 17-வது பார்களில் 'ஸ்ட்ரெட்டோ' வருகிறது. வேகமும் பலமும் சேர்ந்து ஏறும் ஒரே இடம். அடக்கி வாசிப்பதே நாகரிகம் என்று இங்கேயும் பதுங்குபவர்கள் உண்டு. ஷோப்பன் பதுங்கவில்லை, ஃபோர்ட்டே என்றே எழுதியிருக்கிறார்.

கடைசியில் ஒரு கார்டு முடிவு சொல்லாமல் நிற்கிறது, பிறகு மௌனம். மௌனத்தின்மேல் ஃபெர்மாட்டா (நீட்டல் குறி) இருப்பதால் எண்ணக் கூடாது, கேட்க வேண்டும். அதன் பின் மூன்று கார்டுகள். பாட்டின் முதல் கார்டே ஈ மைனர்தான், ஆனால் அடியில் ஜி; ஈ அடிச்சுரமாக அமரும் ஈ மைனர் கார்டு இந்த மூன்றாவதுதான். மூன்றையும் ஒன்றைவிட ஒன்று மெலிதாக்குவது வழக்கம். நான் சமமாகவே வாசிக்கிறேன். பியானிஸிமோ என்று ஒரே தடவைதானே எழுதியிருக்கிறார்.