உணர்வா, வசனமா?



2000-ஆம் ஆண்டு அக்டோபர் 16. அமெரிக்காவின் மிசௌரி மாநில ஆளுநர் மெல் கர்னஹான், செனட் தேர்தல் பிரசாரத்திற்காகச் சிறிய செஸ்னா 335 விமானமொன்றில் இரவு வேளையில் புறப்பட்டார். விமானத்தை ஓட்டியவர் அவருடைய சொந்த மகன். உதவியாளர் ஒருவரும் உடனிருந்தார். அத்தேர்தலில் எதிர்த்து நின்ற ஜான் ஆஷ்கிராப்ட் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையைச் சேர்ந்தவர். ஆதலால் மும்பையிலிருந்த நானும் அச்செய்தியைக் கருத்தாய்க் கவனித்தேன்.

மழையும் மேகமும் சூழ்ந்திருந்த வானத்தில், விமானியின் முன்னிருந்த முக்கியமான கருவி பழுதாயிற்று. வெளியே ஒன்றும் தெரியாத வேளையில், விமானம் நேராய்ச் செல்லுகிறதா, சாய்ந்திருக்கிறதா என்று காட்டுவது அக்கருவியே. வலது இருக்கையின் முன் அதேபோன்ற வேறொன்று இருந்தது. அதைப் பார்த்தபடியே, வானிலை நன்றாயிருந்த ஜெபர்சன் சிட்டியை நோக்கித் திருப்ப முயன்றார். ஆனால் ஹில்ஸ்போரோ அருகே காட்டுப்பகுதியில் விமானம் விழுந்து நொறுங்கியது. மூவரும் மரித்தார்கள்.

திசையும் நிலையும் அறியாமல் விமானி தடுமாறியதே காரணம் என்றும், கருவியின் பழுதும் மோசமான வானிலையும் அதற்குத் துணையாயின என்றும் விசாரணை கூறிற்று. தலையை அடிக்கடி பக்கவாட்டில் திருப்புவதும் அத்தடுமாற்றத்தை அதிகப்படுத்தும்.

நம் உட்காதிலுள்ள திரவம் சரீரம் திரும்புவதை நமக்கு உணர்த்துகிறது. விமானம் ஒரே சீராய்த் திரும்பிக்கொண்டேயிருந்தால், சில விநாடிகளில் அந்தத் திரவம் அடங்கிவிடும். அப்போது சாய்ந்திருப்பவன், தான் நேராயிருப்பதாகவே உணருவான். 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைக் கொண்டு பறக்கப் பயிலாத 20 பேரைச் சோதித்தார்கள். வெளியே பார்க்க இயலாதபடி செய்தபோது, 20 பேரும் விமானத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போனார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடிகள், மூன்று நிமிடமும் இல்லை!

மரித்தவர்களைக் குற்றப்படுத்த நான் இதை எழுதவில்லை. சீலோவாம் கோபுரம் விழுந்த செய்தியைக் கேட்டவர்களை, ஆண்டவர் தங்களையே ஆராயச் சொன்னார் அல்லவா? நானும் என்னையே ஆராய்ந்து எழுதுகிறேன்.

2004-ஆம் ஆண்டு, மகளின் நர்சிங் படிப்பிற்கென்று சேர்த்து வைத்திருந்த 80,000 ரூபாயை, ஓராண்டில் இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் கொடுக்க எண்ணினேன். ஜெபித்தபோது உள்ளத்தில் ஒரு சமாதானம் உண்டாயிற்று. அதைக் கர்த்தருடைய உத்தரவு என்றே நம்பினேன். என் மனைவியோ, "சீக்கிரத்தில் ஐசுவரியவானாக ஆசைப்படுகிறவனைக் குறித்து நீதிமொழிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்" என்றாள். "உனக்கு விசுவாசம் போதாது" என்று அவளைக் கடிந்துகொண்டு பணத்தைக் கொடுத்தேன்.

மூன்றாம் மாதத்தில் அந்த மனிதர் ஊரிலேயே இல்லை. "பரவாயில்லை அப்பா, அடுத்த வருஷம் சேர்ந்துகொள்கிறேன்" என்று மகள் சொன்ன வார்த்தை இன்றும் என் இருதயத்தைக் குத்துகிறது. அந்த ஓராண்டு அவள் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள்.

நான் சமாதானம் என்று எண்ணியது என் ஆசையே. சாய்ந்துகொண்டிருந்தேன்; நேராயிருப்பதாக உணர்ந்தேன். சரியாய்க் காட்டிய கருவியோ என் பக்கத்திலேயே இருந்தது. அதைத்தான் நான் கடிந்துகொண்டேன்.

ஆவியானவர் இன்றும் நம்மோடு பேசுகிறார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தாம் எழுதுவித்த வேதத்திற்கு விரோதமாய் அவர் ஒருபோதும் பேசமாட்டார். அறிந்தவர் எவருமில்லாத பட்டணத்தில் பிழைக்க வந்திருக்கும் நமக்கு இது மிகவும் அவசியம். வேலையோ, வீடோ, பிள்ளைகளின் விவாகமோ, உள்ளத்தின் உணர்வை மட்டும் நம்பித் தீர்மானிக்காதிருங்கள். வசனத்தின் முன் அதை வையுங்கள், வீட்டாரிடமும் கேளுங்கள்.

அன்றிரவே நான் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. நீங்கள் அவ்வளவு தாமதிக்க வேண்டாம். கர்த்தர் தாமே உங்கள் பாதைகளைச் செவ்வைப்படுத்துவாராக. ஆமென்.