ஒத்தக்கல்மந்தின் ஆடுகளங்கள்

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கண்ணில் படுவது பெரியதொரு வெட்டவெளி. மேடும் பள்ளமுமான மலை ஊரில் இவ்வளவு சமதரை எப்படி வந்தது? ஒரு காலத்தில் அது ஏரி. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கிய ஊட்டி ஏரி சுருங்கிச் சுருங்கி, அதன் ஒரு பகுதி குதிரைப் பந்தய மைதானமானது. இன்னொரு பகுதிதான் நாம் இறங்கி நிற்கும் பஸ் ஸ்டாண்ட்.

இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் ஒத்தக்கல்மந்து, ஆங்கிலேயர் வாயில் ஊட்டகமண்ட் ஆகி, ஊட்டியாகச் சுருங்கியது. 1908-இல் மலை ரயில் ஊட்டியைத் தொட்ட பிறகு வருகிறவர்கள் கூட்டம் பெருகியது. 1930-களில் கோடை என்றால் சென்னை மாகாணத்தின் மேல்தட்டு முழுவதும் இங்கேதான். கவர்னரும் அதிகாரிகளும் கோப்புகளோடு மலையேறுவார்கள். மைசூர் மகாராஜா பெர்ன்ஹில் அரண்மனைக்கு வருவார். பகலில் குதிரைப் பந்தயம், கோல்ஃப், டென்னிஸ்; இரவில் விருந்தும் நடனமும். இதற்குத்தான் ‘சீசன்’ என்று பெயர். ஊட்டிக்காரர்கள் இன்றும் அந்தச் சொல்லை விடவில்லை.

இந்த உல்லாச உலகத்தின் நடுவீடு ஊட்டி கிளப். வெள்ளைத் தூண்களோடு 1830-களில் எழுந்த கட்டடம். ஸ்னூக்கரின் விதிகளை 1882-இல் எழுதி மாட்டியது இதன் பில்லியர்ட்ஸ் அறையில்தான். பதினைந்து சிவப்புப் பந்துகள், ஆறு வண்ணப் பந்துகள், அடிக்க ஒரு வெள்ளைப் பந்து. நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி 1875-இல் ஜபல்பூரில் தொடங்கிவைத்த ஆட்டம் இது. பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் வேறு, இவர் வேறு. 1930-களில் இங்கிலாந்தில் ஜோ டேவிஸ் ஆண்டுதோறும் உலகப் பட்டம் வென்று ஸ்னூக்கரைப் பிரபலமாக்கியபோது, இதைக் கண்டுபிடித்தது யார் என்ற கேள்வி எழுந்தது. முதியவரான சேம்பர்லின் 1938-இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி உரிமை கோரினார். ஊட்டியின் பெயர் விளையாட்டு வரலாற்றில் நிலைத்தது.

கிளப்பின் இன்னொரு பெருமை வேட்டை. சிவப்புக் கோட்டு, இங்கிலாந்திலிருந்து தருவித்த வேட்டைநாய்கள் எல்லாம் உண்டு. அந்நாட்டு நரிக்குப் பதிலாக இங்கே குள்ளநரி. துரத்திய இடம், 1890-களின் கவர்னர் வென்லாக்கின் பெயர் தாங்கிய புல்வெளிகள். நம்மவர் சொல்லில் ‘மட்டம்’. அலையலையாகப் புல்மேடுகள், மடிப்புகளில் சோலைகள், இடையிடையே குதிரையின் கால் புதையும் சதுப்பு. அந்தச் சதுப்புதான் மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்து ஓடைகளுக்கு விடுகிறது.

அது தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த நிலம். தவழ்ந்துதான் நுழைய முடியும் என்ற அளவுக்குத் தாழ்ந்த வாசல் கொண்ட அவர்கள் குடிலுக்கு முன்னால், அரண்மனைகளின் குதிரைகள் பாய்ந்தோடின. குதிரையைத் தேய்த்துவிட்டவர், பந்து பொறுக்கியவர், இரவு விருந்துக்குச் சமைத்தவர் ஆகியோரின் பெயர்களை எந்தப் பலகையும் சொல்வதில்லை. அந்தக் கோடைகள் அவர்களுடைய உழைப்பில் நடந்தவை.

துரைமார் போனார்கள். புல்வெளியில் பெரும்பகுதியை சீகையும் யூகலிப்டஸும் விழுங்கிவிட்டன. பிலிம் தொழிற்சாலைக்கும் ஒரு பங்கு போனது. மீந்ததைச் சினிமாவில் பார்த்துவிட்டு ‘ஷூட்டிங் மட்டம்’ என்கிறோம்.

பந்தய மைதான நிலத்தை 2024-இல் அரசு கையகப்படுத்தியது. பொழுதுபோக்குக்காகத் தண்ணீரிடமிருந்து எடுத்த நிலம் அது. மறுபடியும் கான்கிரீட்டுக்குக் கொடுக்காமல், தண்ணீருக்கும் புல்லுக்கும் திருப்பித் தர வேண்டும். அடுத்த முறை ஊட்டிக்குப் போனால் படகு சவாரியோடு திரும்பிவிடாதீர்கள். மட்டத்துக்குப் போய், புல்லின்மேல் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். காலடியில் ஈரம் தெரியும்.