கரை ஒதுங்கியவற்றின் கணக்கு

"இவன் ஞாயிற்றுக்கிழமை ஆனால் உவரிக்குப் போய் குப்பை பொறுக்குகிறான்" என்று வகுப்பில் ஒரு பேச்சு ஓடுகிறது. பாதிதான் உண்மை மக்களே! பொறுக்குவதோடு சரி என்றால் நான் போயிருக்கவே மாட்டேன். பொறுக்கியதை எழுதி வைக்கிறோம். அதுதான் விஷயம்.

1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது கடற்கரையில் பெரும்பகுதி அவர்களுக்குப் போய்விட்டது. நெல்லைக்கு மிஞ்சியது உவரி, இடிந்தகரை, கூத்தன்குழி, கூட்டப்புளி என்று கொஞ்சம்தான். அதே 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓ'ஹாரா என்ற இரண்டு பெண்கள் ஆட்களைத் திரட்டிக் கரையைச் சுத்தம் செய்தார்கள். வந்தது சுமார் 2,800 பேர். அள்ளியதை வகைவாரியாக எண்ணி அட்டையில் எழுதச் சொன்னார்கள். செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகம் முழுக்க நடக்கும் கடற்கரைத் தூய்மை நாள் அப்படித் தொடங்கியதுதான்.

எங்கள் முறை ரொம்ப எளிது. நூறு அடிக்குக் கயிறு பிடித்து, அதற்குள் கிடப்பதை மட்டும் எடுப்போம். வலைத்துண்டு, நைலான் கயிறு, தெர்மாகோல், பாட்டில் மூடி, ஷாம்பு பாக்கெட், செருப்பு (எப்போதும் ஒற்றைச் செருப்புதான், ஜோடி எங்கே போகுமோ!). உறையில் எழுத்து மிஞ்சியிருந்தால் கம்பெனி, ஊர், பேக் செய்த மாதம் எல்லாம் கிடைத்துவிடும். சிங்கள எழுத்து இருந்தால் அது எந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "பொறுக்குதிய, சரி. நோட்டுல என்ன தம்பி எழுதுதிய?"

"என்ன கெடக்கு, என்ன இல்லன்னு எழுதுதோம் அண்ணாச்சி."

"இல்லாததையுமா?"

ஆமாம். அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். 2025 மே 25-ல் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 கண்டெய்னர்களோடு கேரளக் கடலில் மூழ்கியது. சில நாளிலேயே ஜவ்வரிசி மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டக் கரைகளில் ஒதுங்கின. 'நர்டில்' என்பார்கள். பிளாஸ்டிக் சாமான் வார்ப்பதற்கான மூலப்பொருள் இது. மீன்முட்டை என்று நினைத்து மீனும் பறவையும் விழுங்கிவிடும். மணலோடு கலந்துவிட்டால் சல்லடை போட்டுத்தான் சலிக்க வேண்டும்.

இதற்கு முன் 2021-ல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோதும் இதே கதைதான். அந்த வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது 2025 ஜூலையில். நாலு வருஷம்! எல்சா கப்பலுக்காகக் கேரள அரசு கேட்டிருப்பது 9,531 கோடி ரூபாய்.

நாளைக்கு உவரிக்கும் இப்படி ஒன்று வந்தால்? "இந்தக் குருணை உங்கள் கரையில் முன்னாடியே கிடந்ததுதானே" என்று யாராவது சொன்னால், கடலுக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கும் அந்த அண்ணாச்சி எதைக் காட்டுவார்? இன்ன தேதி, இன்ன இடம், குருணை: இல்லை என்று எழுதிய ஒரு வரி இருந்தால் காட்டலாம். அதனால்தான் ஒன்றுமே கிடைக்காத கட்டத்திலும் பூஜ்யம் போட்டு வைக்கிறோம்.

கப்பல்காரர்களை மட்டும் சொன்னால் போதாது. பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணியையும், நெல்லையில் பாலத்திலிருந்து வீசும் பூமாலைக் கவரையும் சேர்த்துத்தான் தாமிரபரணி இழுத்துக்கொண்டு போகிறது. அது கடலில் சேரும் இடம் தூத்துக்குடி மாவட்டத்துப் புன்னைக்காயல். நாம் போட்டது அடுத்த மாவட்டத்துக்காரர் கரையில் கிடக்கும்.

செமஸ்டர் லீவில் அங்கேயும் நூறு அடி அளக்கலாம் என்று இருக்கிறேன். வர நினைப்பவர்கள் ஒரு நோட்டு, பேனா, கையுறை, தொப்பி கொண்டுவாருங்கள். கயிறு என்னிடம் இருக்கிறது.