தட்டின் மறுபக்கம்

சென்ற ஆண்டு ஒரு மாத காலம் பெர்லின் மாநகரில் என் மகனின் இல்லத்தில் தங்கியிருந்தேன். பகலில் அவன் அலுவலகம் போய்விடுவான். நான் கிதாபுகளோடு பொழுதைப் போக்குவேன். மாலையில் இருவரும் தேநீர் அருந்துவோம். பேச்சு மட்டும் மருந்து, பயணச்சீட்டு, ஊர்ச் செய்தி என்ற எல்லையைத் தாண்டுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு; பின்னர் சொல்கிறேன்.

ஒரு மாலை அவன் ஓர் இசைத்தட்டை எடுத்துச் சுழலவிட்டான். 2016-இல் வெளிவந்த மறுபதிப்பு. உறையில் சதுரங்கக் கட்டங்கள், பெயர் 'இ2-இ4'. ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயை இரு கட்டம் நகர்த்தும் தொடக்க நகர்வை ஆட்டக்காரர்கள் அவ்வாறு குறிப்பார்களாம். (பழைய அரபு ஷத்ரஞ்சில் சிப்பாய்க்கு ஒரு கட்டத்துக்கு மேல் நகர உரிமை கிடையாது. ஆசிரியன் புத்தி! இதை அவனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

இரண்டே சுரக்கோவைகள் மாறி மாறி ஒலித்தன. ஐந்து நிமிடம் சென்றது, பத்து நிமிடம் சென்றது, மீண்டும் அவையே.

"முள் சிக்கிக்கொண்டதா?" என்றேன்.

மகன் சிரித்துவிட்டான். என் முன்னிலையில் அவன் சிரித்து நெடுநாளாகியிருந்தது.

"இல்லை வாப்பா. ஒரு மணி நேரமும் இப்படித்தான். கூர்ந்து கேளுங்கள், மாறுவது தெரியும்."

கேட்டேன். தாளம் சற்றே தடித்தது. ஒரு மணியோசை புகுந்து விலகியது. மதரஸாவின் திண்ணையில் 'ளரப, ளரபா, ளரபூ' என்று நாங்கள் ஆடி ஆடி ஓதிய காலை நேரங்கள் நினைவுக்கு வந்தன. வினை ஒன்றே, ஈறு மட்டும் மாறும். வெளியே நின்று கேட்பவனுக்கு அதுவும் சிக்கிய முள்தான்.

இதை ஆக்கியவர் மானுவல் கெட்ஷிங். 1952-இல் பெர்லினில் பிறந்து 2022 டிசம்பரில் மறைந்தவர். ஆஷ் ரா டெம்பெல் என்னும் குழுவை நிறுவியோரில் ஒருவர். விண்வெளியில் மிதப்பது போன்ற அக்குழுவினரின் இசைக்குக் 'காஸ்மிஷ' இசை என்று ஜெர்மனியில் பெயர். 1981 டிசம்பர் 12 அன்று தம் ஒலிக்கூடத்தில் தனியாக அமர்ந்து, வெட்டாமல் ஒட்டாமல், ஒரே மூச்சில் இதை வாசித்துப் பதிவு செய்தார். மறுநாள் பயணத்தில் கேட்க ஒரு நாடா வேண்டும் என்பதே நோக்கம்! சீக்வென்சர் என்னும் கருவி ஒரு சுரவரிசையைத் தானாகவே திரும்பத் திரும்ப இசைத்துக்கொண்டிருந்ததால் அவருடைய கைகளுக்கு ஓய்வு கிடைத்தது. 1984-இல்தான் அது தட்டாக வெளிவந்தது. 1989-இல் இத்தாலியர் சிலர் இதன்மீது ஒரு நடனப் பாட்டையே கட்டினர்.

ஒரு மணி நேர இசை தட்டின் ஒரு பக்கத்தில் அடங்காது. ஒரு பக்கத்துக்கு அரைமணி என்றாலே பள்ளங்களை நெருக்கி வெட்டியாக வேண்டும். ஆகவே ஒரே மூச்சில் வாசித்ததை இரண்டாகப் பிளந்திருக்கிறார்கள். முதல் பக்கம் ஓய்ந்ததும், முடிந்துவிட்டது என்று நான் எழ முற்பட்டேன். "இருங்கள், இன்னும் வரவில்லை" என்று மகன் தட்டைப் புரட்டினான்.

எது வரவில்லை என்று அப்போது விளங்கவில்லை. மறுபக்கத்தில் அதே இரண்டு கோவைகளின்மேல் கிதார் வந்தது. அவசரமில்லாமல், யாருக்கும் எதையும் நிரூபிக்க விரும்பாதவர் விரல்போல அது நடந்தது.

நான் தலை குனிந்தேன். அவனுக்குப் பதினாறு வயதிருக்கும்போது, உதவித்தொகையைச் சேமித்து ஒரு பழைய கிதார் வாங்கியிருந்தான். கணக்கில் மதிப்பெண் குறைந்தது என்று, அவன் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் அதைப் பழைய சாமான் கடையில் கொடுத்துவிட்டேன். மாலையில் வந்து தேடினான், சொன்னேன். அழவில்லை, சண்டையிடவும் இல்லை. கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கினான். அன்றிலிருந்துதான் எங்கள் பேச்சு மருந்தும் பயணச்சீட்டுமாகச் சுருங்கியது.

பிறர் பிள்ளைகள் ஒரே பாடத்தை நூறு முறை ஓதப் பொறுத்தவன் நான். என் பிள்ளை நான்கு சுரங்களைத் திரும்பத் திரும்ப மீட்டியதைப் பொறுக்கவில்லை.

"அந்தக் கிதாரை நான் கொடுத்திருக்கக் கூடாது" என்றேன்.

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "அதில் ஒரு தந்தி எப்போதும் சுருதி சேராது, வாப்பா" என்றான் சற்றுப் பொறுத்து. எந்தத் தந்தி என்று கேட்டேன். சொன்னான். அதை எப்படிச் சரிசெய்யப் பார்த்தான் என்பதையும் கையால் காட்டிச் சொன்னான். தட்டு முடிந்து வெறுமனே சுழன்றுகொண்டிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

பிறகு, "இரண்டாம் பக்கத்தை மட்டும் இன்னொரு முறை வை" என்றேன்.