பெரியதை அளக்கும் தொல்லை

நீண்ட சரக்கு வண்டியை முழுவதும் ஒரே படத்தில் பிடிக்க முயன்றவர் அறிவர். அருகில் நின்றால் நான்கு பெட்டிகளே அடங்கும். வானநூலாருக்கும் இத்தொல்லை உண்டெனப் படித்து வியந்தேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திய எனக்கு விளங்கியவற்றை நம் குடும்பத்தாருக்குக் கூற விழைகிறேன்.

கார்த்திகை மாதத்து நிலவற்ற இரவில், எட்டு மணியளவில், மைசூர் நகர விளக்குகளை விட்டு விலகி நின்று வடவானை உற்று நோக்கினால் புகைத்துணுக்கு ஒன்று தென்படும். அதுவே ஆண்ட்ரோமீடா என்னும் விண்மீன் மண்டலம். அதன் ஒளி நம்மை அடைய 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நம் கண்ணுக்குப் புலப்படுவது அதன் நடுப்பகுதியே. முழு அகலமோ முழுநிலவைப்போல் ஆறு மடங்கு!

2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட்டில், பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் முன்னின்று அமைத்த புற ஊதாத் தொலைநோக்கி உள்ளது. அதன் ஒரு படத்தில் நிலவின் அகலங்கூட முழுதாக அடங்காது. ஆகவே ஆண்ட்ரோமீடாவை 19 பகுதிகளாகப் படமெடுத்தே ஆராய்ந்தனர். ஹப்பிள் தொலைநோக்கிக்கோ 600-க்கு மேற்பட்ட பகுதிகளும் பத்தாண்டுகளும் தேவைப்பட்டன. அந்த ஒட்டுப்படம் 2025-இல் வெளிவந்தது.

ஒட்டுவதினும் கடினம் கணக்கெடுப்பது. வான அளவைகளில் பொருள்களை எண்ணுவது கணிப்பொறி. அது பெரிய மண்டலத்தின் கரங்களில் ஒளிரும் திட்டுகளைத் தனித்தனி மண்டலங்களாகப் பதிந்துவிடுவதுண்டு. பெட்டிக்கொரு வண்டியென்று நான் பேரேட்டில் எழுதினால் என் மேலதிகாரி சும்மா விடுவாரா? இக்குறையை நீக்கவே 3,83,620 மண்டலங்களைத் தனிக் கவனத்துடன் அளந்த சியென்னா அட்டவணை 2023-இல் வெளியிடப்பட்டது.

இன்னொரு சிக்கல், இரவு வானத்திற்கே மெல்லிய ஒளி உண்டு என்பது. அருகிலுள்ள வெற்றிடத்தை அளந்து அவ்வொளியைக் கழிப்பர். பெரிய மண்டலத்தின் அருகில் வெற்றிடம் ஏது? அதன் வெளிப்புற மங்கல் ஒளியும் வானக் கணக்கில் சேர்ந்து கழிந்துபோகிறது; மண்டலம் ஏட்டில் சுருங்குகிறது. எனக்கு இதுவே பெரிய இழப்பாகப் படுகிறது. முன்னாளில் விழுங்கப்பட்ட சிறு மண்டலங்களின் எச்சங்கள் அவ்விளிம்பிலேதான் உள்ளன. ஆண்ட்ரோமீடாவின் புறத்தே அத்தகைய விண்மீன் ஓடை ஒன்றை 2001-இல் கண்டனர். விளிம்பைக் கழித்தால் குலவரலாறும் கழிந்துபோகும்.

"அப்பா, அது எங்கே முடிகிறது?" என்றாள் என் மகள். ஒளி இன்ன அளவுக்கு மங்கும் இடமே எல்லையென்று வானநூலார் தாமே வகுத்துக்கொள்கின்றனர் என்றேன். "அதற்கப்பாலும் விண்மீன்கள் இருக்கின்றனவே!" என்று அவள் அதை ஒப்பவில்லை.